மதிப்பெண் பட்டியலைப் பார்த்து பிஎல்சி வாங்கலாமா?

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவைக் கவனிக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். கடிதத்தின் சுருக்கம் இது.

புதிதாக ஒரு லைன் போடுகிறார்கள். பிஎல்சி (மெஷின்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி), எச்எம்ஐ (ஆபரேட்டர் பார்த்து இயக்கும் திரை), டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) எல்லாவற்றையும் ஒரே கம்பெனியிடம் வாங்குவதாகத் திட்டம். நான்கு கொட்டேஷன் வந்திருக்கிறது. இவர்களிடம் பாகம் வாங்கும் கார் கம்பெனி சைபர் பாதுகாப்பு பற்றி நீளமான கேள்வித்தாள் ஒன்றை அனுப்பியதிலிருந்து எம்.டி.க்குக் கவலை. எங்கிருந்தோ ஒரு பட்டியலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதில் ஆட்டோமேஷன் கம்பெனிகளுக்கு ஏ, பி, சி என்று கிரேடு போட்டிருக்கிறது. வாசகர் தன் பங்குக்கு ஒவ்வொரு கம்பெனியின் பெயரிலும் இதுவரை எத்தனை பாதுகாப்பு ஓட்டைகள் வெளியாகியிருக்கின்றன என்று உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். ஒரு கம்பெனிக்கு நூற்றுக்கணக்கில் இருக்கிறது. இன்னொன்றுக்குப் பத்துகூட இல்லை. விலையும் அதில்தான் குறைவு.

"பத்துகூட இல்லாத கம்பெனியைச் சிபாரிசு செய்யலாம் என்று இருக்கிறேன். அவர்களிடம் தொழிற்சாலைக் கருவிகளின் சைபர் பாதுகாப்புக்கான ஐஇசி 62443 சான்றிதழும் இருக்கிறது. பிஎல்சி இன்டர்நெட்டில் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று, கருவிகளை இணைத்து லைனை அமைத்துத் தரும் இன்டகிரேட்டர் சொல்கிறார். ஆனால் கையெழுத்து என்னுடையது. நாளைக்கு ஏதாவது ஆனால் என் தலையில்தான் விழுமா?" என்று கேட்கிறார்.

கடைசியில் பின்குறிப்பாக நான்கு வரி. இரண்டு வருடத்துக்கு முன்பு பழைய ஹீட் ட்ரீட்மென்ட் லைனின் எச்எம்ஐ கம்ப்யூட்டரில் பணம் கேட்டு மிரட்டும் திரை வந்திருக்கிறது. இன்டகிரேட்டர் வந்து ஃபார்மட் செய்து, தன் லேப்டாப்பில் இருந்த பழைய புரோகிராமை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்றரை நாள் உற்பத்தி நின்றது. எப்படி வந்தது என்று யாரும் பார்க்கவில்லை, வெளியே சொல்லவுமில்லை.

அன்புள்ள நண்பருக்கு,

பின்குறிப்பைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளத் தோன்றியது. ஆனாலும் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு எழுதினீர்களே, அது பெரிய விஷயம். இந்தத் துறையில் என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் லைன் நின்ற பிறகுதான் வருகிறார்கள்.

அந்த கிரேடு எதை அளக்கிறது

கம்பெனிகளுக்கு இப்படி மதிப்பெண் போடுவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. பிட்சைட் 250-லிருந்து 900 வரை ஒரு எண்ணாகத் தருகிறது. செக்யூரிட்டிஸ்கோர்கார்டு ஏ, பி என்று எழுத்தாகத் தருகிறது. இரண்டுமே முக்கியமாக இன்டர்நெட் பக்கமிருந்து தெரிவதைப் பார்க்கின்றன. அந்தக் கம்பெனியின் வெப்சைட் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா, மெயில் சர்வர் ஒழுங்காக அமைந்திருக்கிறதா, பேட்ச் போடாத சர்வர் வெளியே தெரிகிறதா, ஊழியர்களின் பாஸ்வேர்டு எங்காவது கசிந்திருக்கிறதா, இதெல்லாம் அதில் வரும். உங்கள் பேனலுக்குள் உட்காரப்போகும் பிஎல்சியின் ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள்ளேயே பதிந்த சாஃப்ட்வேரை, பிரித்துப் பார்த்து அந்த எழுத்தைப் போடுவதில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தொழிற்சாலைக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறையான மாட்பஸ் 1979-இல் வந்தது. இன்றைக்கும் உங்கள் லைனில் எனர்ஜி மீட்டரிலிருந்து டிரைவ் வரை பலதும் அதில்தான் பேசும். கேட்பது யார் என்று சாதாரண மாட்பஸ் விசாரிப்பதில்லை. நெட்வொர்க்கில் ஒட்டிக்கொண்ட எந்த லேப்டாப்பும் "இந்த ரெஜிஸ்டரில் இந்த எண்ணை எழுது" என்றால் எழுதிவிடும். ஏ கிரேடு கம்பெனியின் கருவியும் மாட்பஸ் பேசும்போது இப்படித்தான் நடந்துகொள்ளும், சி கிரேடு கம்பெனியுடையதும் இப்படித்தான்.

அதற்காகப் பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. கம்பெனியின் சொந்த வீடு திறந்து கிடந்தால் அது உங்களையும் தொடும். 2014-இல் ஹேவெக்ஸ் என்ற தாக்குதல் வெளிச்சத்துக்கு வந்தது. தொழிற்சாலைக் கருவிகள் விற்கும் சில கம்பெனிகளின் வெப்சைட்டுக்குள் புகுந்து, வாடிக்கையாளர் டவுன்லோடு செய்யும் சாஃப்ட்வேருக்குள்ளேயே வைரஸை வைத்துவிட்டார்கள். கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியவர்களுக்கே இது நடந்தது. ஆகவே கிரேடு ஒரு தகவல், அவ்வளவுதான். ஒரு கம்பெனிக்கு மோசமான கிரேடு வந்திருந்தால் "ஏன்?" என்று கேட்க அதைப் பயன்படுத்துங்கள். ஏ வந்துவிட்டது என்பதற்காக ஆர்டர் கொடுக்காதீர்கள்.

பத்து ஓட்டையும் நூறு ஓட்டையும்

நீங்கள் எண்ணியதில் உழைப்பு தெரிகிறது. ஆனால் அந்த எண்ணிக்கையை நீங்கள் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சீமென்ஸும் ஷ்னைடர் எலக்ட்ரிக்கும் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை தங்கள் பொருட்களில் உள்ள ஓட்டைகளைத் தாங்களே அறிவிக்கின்றன. தேடுவதற்கென்று தனிக் குழு வைத்திருக்கிறார்கள். வெளி ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்துச் சொன்னால் வாங்கிக்கொண்டு, சரிசெய்து, சொன்னவருக்கு நன்றியும் போட்டு வெளியிடுகிறார்கள். விற்கும் பொருட்களின் எண்ணிக்கையும் ஆயிரக்கணக்கில். தேடுகிற இடத்தில் கிடைக்கும், கிடைத்ததைச் சொல்கிற இடத்தில் பட்டியல் நீளும். பத்துகூட இல்லாத கம்பெனியின் பொருளை யாராவது சோதித்துப் பார்த்தார்களா, சோதித்தவர் அனுப்பிய மெயிலுக்கு யாராவது பதில் போட்டார்களா என்பது உங்கள் எண்ணிக்கையில் வராது.

2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற ஊரின் குடிநீர் நிலையத்தில் யூனிட்ரானிக்ஸ் பிஎல்சி ஒன்றைத் தாக்கினார்கள். பெரிய தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த வகைக் கருவி இன்டர்நெட்டில் திறந்திருந்தது, கம்பெனி வைத்து அனுப்பும் பாஸ்வேர்டு 1111. அந்த பாஸ்வேர்டு விஷயம் ஒரு ஓட்டையாகப் பதிவாகி அதற்கு எண் கிடைத்ததே தாக்குதலுக்குப் பிறகு, டிசம்பரில்தான். நவம்பர் முதல் வாரத்தில் யாராவது உங்களைப் போல எண்ணியிருந்தால் அந்த ஓட்டை கணக்கிலேயே வந்திருக்காது.

எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஓட்டை வெளியானபோது கம்பெனி என்ன செய்தது என்று பாருங்கள். ராக்வெல்லின் லாஜிக்ஸ் கன்ட்ரோலர்களில் 2021 பிப்ரவரியில் ஒன்று வெளிவந்தது. எல்லாக் கருவிக்கும் பொதுவான ஒரு ரகசிய டிஜிட்டல் சாவி சாஃப்ட்வேருக்குள் இருந்தது. தீவிரம் பத்துக்குப் பத்து. ஒரு பேட்ச் போட்டு முடித்துவிடக்கூடிய விஷயமாக அது இல்லை. கன்ட்ரோலரின் முன்பக்கச் சாவியை (இது கையால் திருப்புவது) புரோகிராமை மாற்ற முடியாத ரன் நிலையில் வையுங்கள், நெட்வொர்க்கைப் பிரித்து வையுங்கள், செய்திப் பரிமாற்றத்தைப் பாதுகாக்கும் வசதியைப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2022 அக்டோபரில் சீமென்ஸின் எஸ்7-1200, 1500 வகைகளிலும் இதே மாதிரி எல்லாக் கருவிக்கும் ஒரே டிஜிட்டல் சாவி என்ற பிரச்சினை வெளியானது. அதற்குள், இவற்றுக்குப் புரோகிராம் எழுதும் சாஃப்ட்வேரான டிஐஏ போர்ட்டலின் 17-ஆம் பதிப்பில் கருவிக்குக் கருவி தனிச் சாவி என்று மாற்றியிருந்தார்கள். ஆனால் பழைய பதிப்பிலேயே ஓடும் லைன்களுக்கு அது தானாக வந்து சேராது. யாராவது திட்டமிட்டு, லைனை நிறுத்தி, மாற்ற வேண்டும்.

கவனித்தீர்களா? இரண்டு பெரிய கம்பெனிகளிலும் ஒரே மாதிரித் தவறு. வித்தியாசம் பிறகு நடப்பதில்தான். உங்களுக்குத் தகவல் வருமா, வந்தால் புரிகிற மாதிரி வருமா, சொன்னதைச் செய்ய உங்கள் ஷிஃப்டில் ஆள் இருக்கிறாரா? மூன்றாவது கேள்விக்குக் கம்பெனி பதில் சொல்ல முடியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சான்றிதழில் எதைப் படிக்க வேண்டும்

ஐஇசி 62443 ஒரே சான்றிதழ் இல்லை, பல பாகங்கள் கொண்ட தரநிலை. 4-1 என்று இருந்தால் அந்தக் கம்பெனி தன் பொருளை உருவாக்கும் முறைக்குக் கொடுத்தது. 4-2 என்றால் குறிப்பிட்ட ஒரு கருவிக்கு. 2-4 என்றால் கருவியை நிறுவிப் பராமரிக்கும் சேவைக்கு, அதாவது உங்கள் இன்டகிரேட்டரிடம் கேட்க வேண்டியது. உங்களுக்கு வந்த சான்றிதழில் எந்தப் பாகம், எந்த மாடல், எந்த ஃபர்ம்வேர் பதிப்பு, எந்தப் பாதுகாப்பு நிலை என்று பாருங்கள். நிலை ஒன்றிலிருந்து நான்கு வரை உண்டு. ஏதோ ஒரு நாட்டில் உள்ள ஏதோ ஒரு ஆலையின் உருவாக்க முறைக்குக் கிடைத்த தாளைக் காட்டி வேறு மாடலை விற்பது நடக்கிறது.

சரியான தாளாகவே இருந்தாலும் அதோடு முடிந்துவிடுவதில்லை. 2022 ஜூனில் ஃபோர்ஸ்கவுட் ஆராய்ச்சியாளர்கள் பத்துக் கம்பெனிகளின் பொருட்களில் 56 ஓட்டைகளை ஒரே நேரத்தில் வெளியிட்டார்கள். பல இடங்களில் பிரச்சினை வடிவமைப்பிலேயே இருந்தது. பாஸ்வேர்டே கேட்காத கட்டளைகள், உள்ளேயே பதித்த பாஸ்வேர்டுகள். அந்தப் பொருட்களில் பல ஏதோ ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கியவை.

"இன்டர்நெட்டில் இல்லை" என்ற பேச்சு

உங்கள் இன்டகிரேட்டர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் அப்படித்தான் நம்புகிறார். சில வருடங்களுக்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு யூனிட்டுக்குப் போயிருந்தேன். அங்கேயும் இதே வார்த்தையைச் சொன்னார்கள். பேனலைத் திறக்கச் சொன்னேன். டெர்மினல் வரிசைக்குக் கீழே, கேபிள் டிரங்கிங்குக்கு ஓரமாக, கட்டை விரல் அளவு பச்சை விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. சிம் போட்ட ஒரு சின்ன ரூட்டர். மெஷினை நிறுவி முதலில் ஓடவைக்கும் கமிஷனிங் சமயத்தில், வெளியூரில் இருந்தபடியே புரோகிராம் மாற்ற வசதியாக மெஷின் கொடுத்தவர் வைத்தது. வேலை முடிந்தும் யாரும் எடுக்கவில்லை. சிம்முக்கு ரீசார்ஜ் யார் செய்கிறார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பேனல் கதவின் உள்பக்கம் மாஸ்கிங் டேப்பில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருந்தது.

இன்டர்நெட்டே இல்லாத இடத்திலும் வழி உண்டு. 2010-இல் தெரியவந்த ஸ்டக்ஸ்நெட், ஈரானின் நடான்ஸ் ஆலையில் வெளித்தொடர்பு இல்லாத நெட்வொர்க்கையே எட்டியது. அது பரவிய வழிகளில் பெண்டிரைவும் ஒன்று. உங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ரிப்போர்ட் எடுக்க எச்எம்ஐ கம்ப்யூட்டரில் எதைச் செருகுகிறார் என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இப்போது உங்கள் பின்குறிப்புக்கு வருகிறேன். ஹீட் ட்ரீட்மென்ட் லைனில் வந்த அந்தத் திரை ஏதோ ஒரு வழியாகத்தான் உள்ளே வந்தது. அந்த வழி இன்னும் திறந்தே இருக்கலாம். புது லைனையும் அதே நெட்வொர்க்கில் இணைத்தால் நான்கில் எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் அதே கதவு வழியாகத்தான் பிரச்சினை வரும். இன்னொன்று என்னை அதைவிட அதிகமாகக் கவலைப்படுத்துகிறது. உங்கள் லைனின் புரோகிராம் உங்களிடம் இல்லை, இன்டகிரேட்டரின் லேப்டாப்பில் இருக்கிறது, அதுவும் பழையது. அவர் நம்பர் மாற்றிக்கொண்டு போய்விட்டால் ஒன்றரை நாள் பத்து நாளாகும்.

உங்கள் எம்.டி.க்குச் சொல்ல ஒரு சம்பவம் வைத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானில் தன் 14 ஆலைகளின் 28 லைன்களையும் நிறுத்தியது. டொயோட்டாவை யாரும் தாக்கவில்லை. அதற்குப் பிளாஸ்டிக் பாகங்கள் கொடுக்கும் கொஜிமா என்ற கம்பெனியைத் தாக்கினார்கள். உள்ளே வந்த வழி, கொஜிமாவின் துணை நிறுவனம் ஒன்று வெளியாரோடு தொடர்புகொள்ள வைத்திருந்த ரிமோட் இணைப்புக் கருவி. கார் கம்பெனி உங்களுக்குக் கேள்வித்தாள் அனுப்புவதன் பின்னணி இந்த மாதிரிச் சம்பவங்கள்தான். அவர்கள் கேட்பது உங்கள் வீட்டைப் பற்றி. பிஎல்சி கம்பெனியின் கிரேடை எழுதி அனுப்பினால் அது பதிலாகாது.

நான்கு பேரிடமும் கேட்க வேண்டியவை

போனில் வேண்டாம், மெயிலில் கேளுங்கள். பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு பதில்தான்.

முதலாவது, கொட்டேஷனில் உள்ள ஒவ்வொரு மாடலுக்கும் பாதுகாப்பு பேட்ச் எந்த வருடம் வரை வரும்? மழுப்பினால் விடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல். அங்கே விற்கும் கம்பெனி, பாதுகாப்பு ஆதரவு எதுவரை என்று சொல்லியே ஆக வேண்டும், பொதுவாக ஐந்து வருடத்துக்குக் குறையாமல். அங்கே சொல்வதை ஒரகடத்திலும் எழுதிக் கொடுக்கலாம்.

இரண்டாவது, ஓட்டை தெரிந்தால் யாருக்குச் சொல்வது, எங்களுக்கு எப்படித் தகவல் வரும்? இதற்கென்று ஒரு முகவரியும் ஒரு வழிமுறையும் இல்லாத கம்பெனியை நான் பின்னுக்குத் தள்ளுவேன், விலை என்னவாக இருந்தாலும்.

மூன்றாவது, கருவி பெட்டியிலிருந்து வரும்போது என்னென்ன திறந்திருக்கும்? முதல் தடவை ஆன் செய்யும்போதே பாஸ்வேர்டு மாற்றச் சொல்கிறதா, அல்லது 1111 மாதிரி ஒன்றோடு வருடக்கணக்கில் ஓடுமா?

நான்காவது இன்டகிரேட்டருக்கு. ரிமோட் இணைப்பு வேண்டுமென்றால் நாங்கள் ஆன் செய்தால் மட்டும், எங்கள் ஃபயர்வால் வழியாக மட்டும். கமிஷனிங் முடிந்த அன்றே புரோகிராம், எச்எம்ஐ ப்ராஜெக்ட், எல்லா பாஸ்வேர்டுகளும் எங்கள் கைக்கு வர வேண்டும். இதைப் பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள், கடைசித் தவணைப் பணத்தை அதோடு கட்டிவையுங்கள். பணம் கைமாறிய பிறகு புரோகிராம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம், எந்தப் பட்டியலிலும் வராத ஒரு விஷயம். உங்கள் ஆட்களுக்கு எந்தக் கம்பெனியின் பிஎல்சி தெரியும்? பழைய லைன்களில் ஓடுவதையே உங்கள் எலக்ட்ரீஷியன்கள் பதினைந்து வருடமாகப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். புதுக் கம்பெனிக்கு மாறினால் முதல் பிரேக்டவுனிலேயே வெளியாளைக் கூப்பிடுவீர்கள், அவர் ரிமோட் கேட்பார், நள்ளிரவில் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள். பாதுகாப்பில் கொஞ்சம் பின்தங்கிய கம்பெனியாக இருந்தாலும், உங்கள் ஆளே திறந்து பார்த்து ஏதோ மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கக்கூடிய பிஎல்சி உங்களுக்கு மேல். விலை குறைந்த கம்பெனியை நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலே உள்ள கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் கொடுத்து, உங்கள் இரண்டு பேருக்காவது பயிற்சியும் கொடுத்தால் எடுக்கலாம். பதில் வரவில்லையென்றால் மிச்சமாகும் பணம் ஒரு ஒன்றரை நாள் நிறுத்தத்தில் போய்விடும்.

உங்கள் கையெழுத்து

ஒரு பிஎல்சியைத் தேர்ந்தெடுத்தது பின்னால் தவறாகப் போனால் அது குற்றமாகாது. அந்தப் பயத்தை விடுங்கள். சட்டம் பார்ப்பது வேறு இடத்தை. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களைத் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஸ்காடா (ஆலைக் கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணித்துக் கட்டுப்படுத்தும் அமைப்பு), தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் மீதான தாக்குதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், உங்களுடையதும் சேர்த்து. ஃபார்மட் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டது உங்களைக் காப்பாற்றவில்லை. தடயத்தையும் அழித்துவிட்டீர்கள். அந்தப் பழைய சம்பவத்தை இப்போது எப்படிக் கையாள்வது என்பதைக் கம்பெனி வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்யச் சொல்லுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு, கம்பெனி சட்டத்தை மீறினால் பொறுப்பில் இருந்தவர்களையும் கேட்கும். தகுந்த கவனம் எடுத்துக்கொண்டேன் என்று காட்டுகிறவருக்கு விலக்கும் தருகிறது. காட்டுவதற்குத் தாள் வேண்டும்.

ஆகவே சிபாரிசுக் குறிப்பில் கம்பெனியின் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன கேட்டேன், யார் என்ன பதில் சொன்னார்கள், யார் சொல்லவில்லை, நெட்வொர்க்கைப் பிரிக்கவும் பேக்கப்புக்கும் எவ்வளவு செலவாகும் என்று எழுதுங்கள். எம்.டி. செலவை வெட்டினால் அவர் கையெழுத்தோடு வெட்டட்டும்.

வரும் ஞாயிறு ஷட்டவுனில் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு பழைய லைன்களின் எல்லா பேனலையும் திறந்து பாருங்கள். சிம் போட்ட ரூட்டர் இருக்கிறதா என்று தேடுங்கள். பிஎல்சியில் சாவி இருந்தால் அது எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 2017-இல் சவுதி அரேபியாவின் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையில், ஆபத்து வந்தால் ஆலையை நிறுத்தும் ட்ரைகோனெக்ஸ் பாதுகாப்புக் கன்ட்ரோலருக்குள் ட்ரைட்டன் வைரஸை ஏற்ற முடிந்ததற்கு, அதன் சாவி புரோகிராம் நிலையிலேயே விடப்பட்டிருந்ததும் ஒரு காரணம். அந்தக் கம்பெனி மேல் கிரேடா கீழ் கிரேடா என்பது அங்கே கேள்வியாகவே வரவில்லை. சாவியை ரன்னுக்குத் திருப்பி, கழற்றி, உங்கள் மேஜை டிராயரில் பூட்டுங்கள். யார் எப்போது வாங்கிப் போனார்கள் என்று எழுத ஒரு நோட்டும் பக்கத்தில் வையுங்கள்.